எதிர்வீட்டுக்காரன் மூட்டை கட்டிய பத்து நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சிநேகிதன் என்னை விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு கள்ளத்தனமாகக் கப்பலேறப் பார்க்கிறான் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாகப் பத்து நாள். நாற்பது வயசு, பி.ஏ., எல்.டி., பூகோள வாத்தியார். என் வீட்டு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, எதிர்வீட்டில் நடக்கிற ஒவ்வொன்றையும் சாட்சியமாக எடுத்து எடுத்து அடுக்கினேன். ஒரு சாட்சியம்கூடப் பொய்யில்லை. எல்லாம் கண்ணால் கண்டது. கண்டதற்கு நான் போட்ட அர்த்தம்தான் வேறு.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். ராமநாதபுரத்தில் ஒரே ஹைஸ்கூலில் நான் பூகோளம், அவன் டிராயிங். சின்ன வயசில் ஒரே பெஞ்சு, பெரியவனானதும் ஒரே தெரு. அவன் வாசலும் என் வாசலும் எதிரெதிர்.

எங்கள் ஜில்லாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடவுள் தோசைக்கல்லைத் துடைத்துவிட்டு மாவு ஊற்ற மறந்துபோன மாதிரி கிடக்கும். நான் பையன்களுக்கு இருபது வருஷமாக இமயமலை நடத்தினேன். நான் ஏறி நின்ற அதிகபட்ச உயரம் பெரிய கண்மாய்க் கரை. அவன் கதை இன்னும் மோசம். மலை வரையச் சொல்லிக் கொடுப்பது அவன் பிழைப்பு.

ஒரு நாள் பீரியட் முடிந்து என் அறைக்கு வந்து உட்கார்ந்தான். முகம் செத்திருந்தது.

"ஏலே, மலைன்னா மூணு முக்கோணம், நடுவுல ஒரு சூரியன். இருவது வருசமாப் புள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். மலை அப்படித்தான் இருக்குமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் அதோட உயரத்தை மட்டும்தான் மனப்பாடம் பண்ணியிருக்கேன்."

"போய்ப் பார்த்துட்டு வந்துருவமா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. கொடைக்கானலுக்குப் போய்விட்டு வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் இரண்டு வாத்தியார்கள் ஒரு உலகப் படத்தின் முன்னால் உட்கார்ந்தால் கொடைக்கானலில் நிற்க முடியுமா? அவன் இலங்கையில் சிவனொளிபாத மலையைக் காட்டினான். அங்கே சூரியன் உதிக்கும்போது மலையின் நிழல் மேகத்தின் மேல் விழுமாம். நான், இலங்கை வரைக்கும் போய்விட்டு அநுராதபுரத்தைப் பார்க்காமல் வருவதா என்றேன். கொழும்பு வரை போன பிறகு அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல் இருக்கிறது என்று தெரிந்தது. பினாங்கில் கயிறு கட்டி இழுக்கிற ரயில் மலைக்குப் போகிறது. பினாங்குக்குப் பக்கத்தில் மலாக்கா, பழைய துறைமுகப் பட்டணம். திரும்பி வரும் வழியில் ரங்கூன். ரங்கூனுக்கு மேலே பகான், ஆயிரக்கணக்கில் புத்தர் கோயில்.

மலைக்கும் பட்டணத்துக்கும் எங்களுக்குள் சண்டை வந்தது. கடைசியில் ராஜி: மலை ஒன்று, ஊர் ஒன்று, மாற்றி மாற்றி. கோடை விடுமுறை ஐம்பது நாள். எங்கள் பட்டியல் ஐம்பத்தெட்டு நாளுக்கு வந்தது. "பர்மாவுல வேகமா நடப்போம்" என்றான் அவன்.

வழி சொன்னவர் ஒரு கீழக்கரைப் பாய். சங்கும் ஏலக்காயும் வியாபாரம். கொழும்பிலும் பினாங்கிலும் அவர் சொந்தக்காரர்களுக்குக் கடை இருந்தது. தங்க இடம் அங்கே, கப்பலில் டெக் டிக்கெட் அவர் பொறுப்பு. புதன்கிழமைதோறும் ராமநாதபுரம் வருகிறவர், பள்ளிக்கூடம் விட்டதும் பூகோள அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் மாதிரி குறிப்பெடுப்போம்.

"வாத்தியாரே, மாண்டலே பக்கம் வேணாம். அங்கன சுட்டுக்கிட்டிருக்காக."

"யாரை?"

"யாரு குறுக்க வாராகளோ அவுகளை."

நான் உடனே பட்டியலில் மாண்டலேயை அடித்தேன். டிராயிங் மாஸ்டர் அதைத் திரும்ப எழுதினான். அவன் எழுதியதும் நான் தண்ணீர் குடித்தேன். பயம் எனக்குக் கூடப் பிறந்தது. ஆனால் அதை வெளியே காட்டினால் நான் ஊரில் சம்பாதித்து வைத்திருந்த விகடப் பேர் போய்விடும். எனவே பயம் வரும்போதெல்லாம் ஒரு ஜோக் சொல்வேன். நான் அதிகமாகச் சிரிக்க வைக்கிற நாளில் எனக்கு வயிறு சரியில்லை என்று என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியும்.

பாய் இன்னும் சொன்னார்: கடலில் குமட்டினால் இளநீரும் எலுமிச்சையும்தான் மருந்து, கிளம்புவதற்கு முந்தியே பத்து நாள் குடித்து வயிற்றைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பட்டு, நல்ல துணியெல்லாம் பெட்டியில் வைக்கும்போது நடுவில் வேப்பிலை போட வேண்டும், கப்பல் ஈரத்தில் பூச்சி அரித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே மண்டபம் கேம்ப், இலங்கைக்குப் போகிறவர்களை நிறுத்தி நோய் பார்க்கிற இடம்.

"அங்கன டாக்டர் பார்த்து விட்டாத்தான் தனுஷ்கோடி. அம்மை குத்துன தழும்பு புதுசா இருக்கணும், சர்ட்டிபிகேட் இருக்கணும். அதைவிட முக்கியம், நீங்க இருக்க தெருவுல யாருக்கும் அம்மை இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னு தெரிஞ்சா அந்தத் தெருவுக்காரவுக ஒருத்தரும் கடல் தாண்ட முடியாது. இன்ஷா அல்லாஹ், உங்களுக்கு ஒண்ணும் வராது."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மாசி மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே அம்மை குத்துகிறவர் வந்தார். வராந்தாவில் வரிசை. சின்ன வயசில் குத்தியது எனக்கு ஞாபகம் இருந்தது. பல் வைத்த ஒரு சின்ன வட்டத் தகடு, கைப்பிடியோடு இருக்கும். அம்மைப்பாலைத் தடவி, அதை அழுத்தி ஒரு திருகு. ஆணி திருகுகிற மாதிரி. டிராயிங் மாஸ்டர் மகள், ஏழு வயசுப் பெண், மூன்றாம் வகுப்பு வரிசையில் நின்று, ஒரு சத்தம் போடாமல் குத்திக்கொண்டு போனது. வாத்தியார்கள் முறை வந்தபோது அவனுக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். திரும்பிப் பார்த்திருக்கிறான். என்னைக் காணோம்.

நான் பூகோள அறையில் இருந்தேன். சரியாகச் சொன்னால் ஆசியாவுக்குப் பின்னால். படச் சட்டத்துக்குக் கீழே என் செருப்பு தெரிந்திருக்கிறது.

"ஏலே, வெளியே வா. சைபீரியா நடுங்குது."

"எனக்குச் சளி. சளி இருக்கும்போது குத்தக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"பொதுவா ஒரு கருத்து."

விழுந்து விழுந்து சிரித்தான். வரிசைக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஆசியாவுக்குப் பின்னாலேயே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "ஒண்ணும் வலிக்காதுலே. சரி, நீ என்னிக்குக் குத்துறயோ அன்னிக்கே நானும். ரெண்டு பேருக்கும் ஒண்ணாக் கை வீங்கட்டும். ஆனா ஒண்ணு, இப்படியே நடுங்கிக்கிட்டிருந்தேன்னா உன்னைய விட்டுட்டு நான் போயிருவேன். அப்புறம் இங்கன உக்காந்து என் போட்டோவைப் பார்த்துக்கிட்டு இரு."

அடுத்த வாரம் அமாவாசை என்றேன். அதற்கடுத்த வாரம் அம்மை குத்துகிறவர் திருவாடானைப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, வருத்தமாக இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இப்படி மூன்று வாரம். மூன்று தடவையும் அவன் சரி என்றான்.

நடுவில் பங்குனிப் பொங்கலுக்கு அவன் மட்டும் சாயல்குடிப் பக்கம் சொந்தக்காரர் ஊருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தான். ஒரு ஓலைக் கொட்டான் நிறைய நுங்கு கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்தான். அந்தப் பக்கம் ஊரெல்லாம் ஒரே காய்ச்சலாம் என்றான். எந்த வருஷம் இல்லை, என்றேன் நான், வாயில் நுங்கோடு.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. தலைமையாசிரியருக்கு லீவுக் கடிதம் வந்திருந்தது: பாஸ்போர்ட் விஷயமாக மெட்ராஸ் போகிறேன். கையெழுத்து அவனுடையது இல்லை. அவன் சம்சாரத்தின் குண்டு குண்டு எழுத்து.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மெட்ராஸா? பாஸ்போர்ட் மனு இரண்டு பேரும் சேர்ந்து போட்டது! சாயங்காலம் நேரே அவன் வீட்டுக்குப் போனேன். எப்போதும் விரியத் திறந்து கிடக்கிற கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். கதவு திறக்கவில்லை, ஜன்னலில் பாதி திறந்தது.

"தங்கச்சி, மாஸ்டர் எங்க?"

"மெட்ராஸ் போயிருக்காகண்ணே."

"எப்ப வருவான்?"

"தெரியலண்ணே."

நான் அந்த வீட்டுப் படி ஏறி, வாங்கண்ணே என்கிற சொல் வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. "சரி, போயிட்டு வாரேன்" என்றேன். அவள் திடுக்கிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல. பிறகு இன்னும் இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் இதே கதை.

என் மூளை அங்கேதான் வேலை செய்ய ஆரம்பித்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக் கொல்லைப் பக்கம் ஒரு வண்டிக்காரர் இளநீர்க் குலை இறக்கினார். வாசலில் இறக்காமல் கொல்லையில். நான் ஜன்னலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வயிற்றைப் பழக்குகிறார்கள்! பாய் சொன்ன பத்து நாள் கணக்கு! மாஸ்டர் மெட்ராஸில் இருந்தால் இளநீர் யாருக்கு? அப்படியென்றால் அவன் உள்ளேதான் இருக்கிறான்.

புதன்கிழமை அவன் சம்சாரம் முந்தானையில் எதையோ மூடிக்கொண்டு கொல்லை வழியாக உள்ளே போனாள். மூடியது போதவில்லை. வேப்பங்கொத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை மறுபடி ஒரு கட்டு. எத்தனை பட்டுச் சேலை வைத்திருக்கிறாள் இவள் என்று நினைத்தேன். பெட்டி கட்டுகிறார்கள். மூன்று பேர் துணிமணியும் கட்டுகிறார்கள். சலவைக்காரர் வந்து மூட்டை கேட்டபோது உள்ளேயிருந்தே இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இல்லாமல்? எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதே.

அந்தப் பெண் குழந்தை பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தது. ஒரு மத்தியானம் வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தது. தலை சீவவில்லை, பரட்டை. தாய்க்காரிக்குப் பிள்ளைக்குத் தலை வாரக்கூட நேரமில்லாமல் பயண வேலை நடக்கிறது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன்.

"ஏ ஆத்தா, எங்க போகப் போறீக?"

அது என்னைப் பார்த்தது. எழுந்து உள்ளே போய்விட்டது.

இன்னொன்று இருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் சாட்சியங்களில் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. எதிர்வீட்டுத் தாளிப்பு எங்கள் தெருவில் பிரசித்தம். காலை பத்து மணிக்கு அவள் சட்டியில் மிளகாய் வற்றலும் கடுகும் போட்டால் தெருவே தும்மும். "மணி பத்தாச்சு" என்று நான் தும்மிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். அந்த வாரம் தும்மல் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தெருவில் என்னவோ குறைகிறது என்று இருந்ததே தவிர, அது இதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நாள் ஆனது. சரி, பயணத்துக்காக எண்ணெய்ப் பதார்த்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று முடித்தேன்.

இதில் என் வீட்டிலும் சதி. என் சம்சாரத்துக்கு இந்தப் பயணம் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. "பினாங்கு போனவுக அங்கன ஒண்ணைச் சேர்த்துக்கிருவாகளாமுல்ல" என்று பாயிடமே கேட்டவள். அவளும் அந்த வாரம் அப்பளம் பொரிக்க மாட்டேன் என்றாள்.

"எண்ணெய் இல்லை."

"ஜாடி நிறைய இருக்கே."

"இருந்தா இருக்கட்டும். கஞ்சியைக் குடிங்க."

நான் ஜன்னலுக்குப் போனால் பின்னாலேயே வந்து சாத்துவாள். "அங்கன என்ன பார்வை?"

"அவன் உள்ளதான்டி இருக்கான். என்னைய விட்டுட்டு ஓடப் பார்க்கிறான்."

"அந்த வீட்டுப் பேச்சை எடுக்காதீக. வாசல்ல போய் நிக்காதீக. கூப்பிடாதீக." சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது. கை தன்னாலே தாலியைத் தொட்டது. என்ன கண்டுவிட்டுத் தொட்டாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பொம்பளைகளும் கூடிப் பேசி என்னை ஊரிலேயே நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

என்னை இவ்வளவு முட்டாளாக்கியது எது என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். ஆசைதான். இந்த மூன்று நாட்டை நான் அவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. போகவும் பயம், போகாமல் விடப்படவும் பயம். இரண்டுக்கும் நடுவில் வேறு எதையும் பார்க்கிற கண் எனக்கு இல்லை. பகலில் வகுப்பில் நின்றுகொண்டு ஐராவதி நதியைக் காட்டுவேன். அந்த நதியில் அவன் படகில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருப்பான்.

பத்தாம் நாள், புதன்கிழமை, பாய் வழக்கத்துக்கு மாறாக மத்தியானத்துக்கு முந்தியே வந்தார். "டிக்கெட்டுக்குச் சொல்லியாச்சு வாத்தியாரே. தழும்பு ஆயிருச்சா ரெண்டு பேருக்கும்? ஏழெட்டு நாள் வேணும் அது காய."

அவ்வளவுதான். அவன் எங்கேயோ ரகசியமாகக் குத்திக்கொண்டு, தழும்பு காயட்டும் என்றுதான் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான்! பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் லீவு போட்டேன். சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு நடந்தேன். மூன்று வாரம் ஆசியாவுக்குப் பின்னால் ஒளிந்தவன், கொளுத்துகிற வெயிலில், யாரும் கூப்பிடாமல், தானாகப் போய்ச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நின்றேன்.

இன்ஸ்பெக்டர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். மெலிந்த ஆள், காக்கித் தொப்பி மேஜை மேல் இருந்தது. அவரே குத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, வலி தெரியாமல் இருக்கப் பேச ஆரம்பித்தேன்.

"சார், எங்க எதிர்வீட்டு டிராயிங் மாஸ்டர் ஒருத்தன் இருக்கான். மண்டபத்துக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடுங்க. எங்க குத்திக்கிட்டான், யாருகிட்ட சர்ட்டிபிகேட் வாங்கினான்னு விசாரிக்கச் சொல்லுங்க."

"எங்க இருக்காரு அவரு?"

"மெட்ராஸ்ல இருக்கிறதாச் சொல்றாக. பொய். வீட்டுக்குள்ள உக்காந்து மூட்டை கட்டுறான்."

"பார்த்தீகளா?"

"அவனைப் பார்க்கலை. ஆனா எளநீ இறங்குது சார், கொல்லை வழியா. தினம் வேப்பிலை போகுது. வெளுக்கத் துணி போடலை..."

கையில் திருகல் நின்றுபோனது. கண்ணைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"பத்து நாள்."

"கதவு?"

"சாத்தியே கிடக்கு. போனா வாங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. போயிட்டு வாரேன்னு சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிருது அந்தப் பொம்பளை."

"அந்த வீட்டுப் புள்ளைகளுக்குத் தலை சீவி விட்டிருக்காகளா?"

வாசற்படியில் பார்த்த பரட்டைத் தலை எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் மெதுவாக, வாத்தியார் பையனிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "சார், அந்த வீட்டுல தாளிக்கிற வாசனை என்னியிலருந்து வரலை?"

என் வீட்டில் இரண்டு தடவை நானே என் கையால் நிலையில் வேப்பிலை சொருகியிருக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டுக்கும் அம்மை வார்த்தபோது தாளிக்கவில்லை, எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, தலை சீவவில்லை, துணி வெளியே போகவில்லை. வந்தவர்களை வா என்று சொல்லவில்லை. போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஆத்தா வந்திருக்கிற வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். நான் அந்த வாசலில் நின்று, போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன் என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். பியூனை அம்மைப்பால் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வரச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். நான் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினேன். ஒரு சட்டைக் கை மடக்கியபடி, கையில் ரத்தம் கசிய, நடுப்பகலில் அரண்மனைத் தெரு வழியாகப் பூகோள வாத்தியார் ஓடுவதைப் பார்த்து ஒரு கடைக்காரர், "என்ன சார், கப்பல் போயிருச்சா?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் நான் நின்று பதில் சொல்லியிருப்பேன்.

எதிர்வீட்டுக் கதவை இன்ஸ்பெக்டர் தட்டினார். அதிகாரியின் தட்டல். இந்தத் தடவை திறந்தது. அவன் சம்சாரம் நிலையில் கையை வைத்து மறித்து நின்றாள். அவள் தலைக்குப் பின்னால், நடுக்கதவு நிலை முழுக்க வேப்பிலை. தெருவிலிருந்து தெரியாத இடம்.

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை.

"நீங்களாண்ணே சொன்னீக?"

நான் மடக்கிய சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

"தெருப் பேரு கெட்டா மண்டபத்துல உங்களை விட மாட்டாகளாம். அவன் ஒருத்தனாவது போயிட்டு வரட்டும், சொல்லாத, தெரிஞ்சா அவன் பயந்து செத்துருவான், ஊசிகூடக் குத்திக்கிற மாட்டான்னு இவுக என்கிட்டச் சத்தியம் வாங்கினாக. இந்தா, அக்காகிட்டயும் நாந்தான் சொல்லாதீகன்னு கால்ல விழுந்தேன்."

அக்கா என்றது என் சம்சாரத்தை. அவள் எங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். தெரு முழுக்க வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். அப்போதுதான் பார்த்தேன், எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் பத்து நாளாகத் தாளிப்பு இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பெண்கள் எல்லாருக்கும்.

இன்ஸ்பெக்டர் உள்ளே போனார். என்னை வர வேண்டாம் என்றார். நான் பக்கத்துச் சந்தில் இருந்த உள்ளறை ஜன்னலுக்குப் போனேன். பலகை சாத்தியிருந்தது. இடுக்கில் மஞ்சளும் வேப்பிலையும் வேறு ஒரு வாடையும் வந்தது. இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்பது கேட்டது. பிறகு அவன் குரல். தொண்டைக்குள் புண் இருக்கிற குரல், அவனுடையது என்று நான் சொன்னால்தான் தெரியும்.

"வெளியே நிக்கிறது அவனா?"

"நான்தான்லே" என்றேன்.

படுக்கையில் வாழையிலை சரசரத்தது.

"குத்திக்கிட்டியா?"

"குத்திக்கிட்டேன். இப்பத்தான்."

"வலிச்சுச்சா?"

"இல்லை."

"நான்தான் சொன்னேன்ல."

ஒரு ஜோக் சொல்ல வேண்டும் என்று எனக்கு நினைப்பு வந்தது. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஜன்னல் பலகையில் கையை வைத்தபடி நின்றேன். உள்ளே இன்ஸ்பெக்டர், எப்போது கடைசியாகக் குத்தியது என்று கேட்டார். அவன் சம்சாரம், சின்ன வயசில் என்றாள். பள்ளிக்கூடத்துக்கு வந்தார்களே என்று கேட்டார். வரிசையில் நின்றவர்தான், பாதியில் விலகி வந்துவிட்டார் என்றாள்.

சொல்லிக்கொள்ளாமல் வந்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் எழுபது பேருக்கு மேல் கையை நீட்டினார்கள். மாட்டேன் என்று உள்ளே ஓடிய கிழவர்களை நான் போய் இழுத்துக்கொண்டு வந்தேன். "எனக்கே வலிக்கலை, உங்களுக்கென்ன" என்று கையைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் தெருப் பெயரை நோட்டில் எழுதி மண்டபத்துக்கு அனுப்பினார். மறுநாள் பாய் வந்து, தெரு முனையிலேயே நின்று, விஷயம் கேட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். எங்கள் இரண்டு டிக்கெட்டையும் அவரே ரத்து செய்தார்.

பதின்மூன்றாம் நாள் சனிக்கிழமை காலையில் அவன் இறந்துபோனான். அவன் சம்சாரத்துக்கும் வந்தது, லேசாக, பிழைத்துக்கொண்டாள். குழந்தைக்கு வரவில்லை. தெருவில் வேறு யாருக்கும் வரவில்லை. என் கையில் எட்டாம் நாள் தழும்பு நன்றாகக் காய்ந்தது. நான் இலங்கைக்கும் போகவில்லை, பினாங்குக்கும் போகவில்லை, பர்மாவுக்கும் போகவில்லை.